தலையாட்டிய அணில்

புளியமரத்து மைனா ஓர் ஊஞ்சல் கட்டியிருந்தது. ஆடக் காசு வேண்டாம், நாலு வார்த்தை பேசினால் போதும். அணிலக்கா முதல்நாள் ஏறியபோது மைனா என்னவோ நீட்டி முழக்கியது. ஆடுகிற அவசரத்தில் அணில், "சரி சரி" என்று தலையாட்டிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் உபசரிப்புதான். "சாப்பிட்டாச்சா அக்கா? குட்டிங்க எத்தனை? எந்தப் பொந்து?" இவ்வளவு பிரியமாகக் கேட்கிறவளிடம் மறைப்பானேன் என்று அணில் அத்தனையும் ஒப்பித்தது.

ஒருநாள் காலை பூனை நேரே அணில் குடியிருந்த முருங்கைமரப் பொந்துக்கே வந்துவிட்டது. "கடைக்குட்டிக்கு இன்னும் கண் திறக்கலையாமே?" என்றபடி உள்ளே கையை விட்டுத் துழாவியது. ஒரு விரற்கடை எட்டவில்லை. "அப்புறம் வரேன்" என்று போய்விட்டது.

அணில் மைனாவிடம் ஓடியது. "பூனைகிட்ட ஏண்டி சொன்னே?"

பூனை கொடுத்த மீன்துண்டைக் கொத்தியபடியே மைனா சொன்னது: "நீ சொல்றதையெல்லாம் கேட்கிறவங்ககிட்ட சொல்லலாமான்னு முதல்நாளே கேட்டேனே அக்கா. நீதானே தலையாட்டினே?"

அணில் வாலை உதறிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியது. கண் திறக்காத குட்டியை முதலில் கவ்விக்கொண்டு வேலியோரம் விரைந்தது.

மைனா கிளையிலிருந்து குனிந்தது. "புது வீடா அக்கா? எந்தப் பக்கம்? என்கிட்டகூடச் சொல்ல மாட்டியா?"

அணிலின் வாயில் குட்டி இருந்தது. இந்த முறை அது தலையைக்கூட ஆட்டாமல் புதருக்குள் நுழைந்து மறைந்தது.