ஏழாம் பிரிவு

“ஒரே ஒரு சொல்லுக்காக மூணு மணி நேரமா உட்கார்ந்திருக்கோம் மேடம். உங்களுக்கே இது நியாயமாப் படுதா?”

கொள்முதல் நிறுவனத்தின் பிரதிநிதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நிறுவனம் கடலுக்கு அப்பால். இவர் மட்டும் இந்தப் பக்கத்து ஆள்.

“சொல் சின்னதுதான் சார். சுமை பெருசு” என்றாள் கோகோ விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். பிழைப்புக்கு அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். சங்கத்தில் அவளுக்குப் பெயரே பிழைதிருத்திதான்.

பக்கத்து நாற்காலியில் சங்கத் தலைவர் நெளிந்தார். அவளுடைய அக்கா கணவர். இருநூறு குடும்பங்களின் கோகோ கொட்டை கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது; வாங்குவதற்கு இவர்களை விட்டால் ஆளில்லை. இன்றைக்குக் கையெழுத்தாகிவிட்டால் ஐந்து வருடத்துக்கு அதுதான் தலையெழுத்து. இவளோ தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறாள்.

சிக்கல் ஏழாம் பிரிவில் இருந்தது. ‘இறக்குமதி செய்யும் நாட்டில் வரி உயர்ந்தால், அச்சுமையை நாம் ஏற்போம்.’

ஒப்பந்தத்தை எழுதியது நிறுவனம். ‘நாங்கள்’ என்று இருந்தால் சுமை நிறுவனத்தோடு போகும். ‘நாம்’ என்றால் விவசாயியும் சேர்த்தி. போன தடவை அங்கே வரி ஏறியபோது பாதிச் சுமை விவசாயிகள் தலையில்தான் விடிந்தது. ‘அந்தச் சொல்லை மாற்றாமல் திரும்பி வராதீங்க’ என்று பொதுக்குழு சொல்லி அனுப்பியிருந்தது.

“அவங்க அரசாங்கம் போடுற வரி சார். அந்த அரசாங்கத்துக்கு ஓட்டுப் போட்டது நாங்களா?”

“மழை பெய்தா எல்லார் வீட்டுக் கூரையிலயும்தான் விழும் மேடம்.”

“கூரை இருக்கிறவங்க வீட்டுல விழும். மத்தவங்க தலையில விழும்.”

தலைவருக்குச் சிரிப்பு வந்தது. இருமி மறைத்துக்கொண்டார்.

“மூலத்துல என்ன சொல் இருக்கு?” என்று கேட்டாள்.

பிரதிநிதி அந்நிய மொழிப் பிரதியைப் புரட்டி, விரலை வைத்தார். “இதோ. அவங்க மொழியில ‘நாம்’, ‘நாங்கள்’ ரெண்டுக்கும் இந்த ஒரே சொல்தான்.”

“அப்போ ‘நாங்கள்’னு எழுதினாலும் தப்பில்லையே.”

“தப்புதான். ஒப்பந்தம்னா ரெண்டு தரப்பும் சேர்ந்தது. அதனால ‘நாம்’னுதான் அர்த்தம். தலைமையகமே அப்படித்தான் மொழிபெயர்த்து அனுப்பியிருக்கு.”

“இன்னிக்கு இப்படிச் சொல்வீங்க. நாளைக்கு உங்க இடத்துக்கு இன்னொருத்தர் வந்து வேற அர்த்தம் சொல்வார்.”

“யார் வந்தாலும் அர்த்தம் ஒண்ணுதான்.”

“வாய்ப்பேச்சை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ரெண்டு அர்த்தம் உள்ள சொல்லுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. கோர்ட்டுக்குப் போனா ‘நாங்கள்’னு தீர்ப்பு வாங்கிடலாம்.”

கோர்ட் என்றதும் பிரதிநிதி நிமிர்ந்தார். இந்த வாசலை இன்றைக்கே அடைத்துத் தாழ்ப்பாளும் போட்டுவிட வேண்டும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பேனாவைத் திறந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதினார்: ‘மூலத்தில் இச்சொல் வரும் இடங்களில் எல்லாம் நாம் என்பதே பொருள். மொழிபெயர்ப்பு வேறுபட்டாலும் இக்குறிப்பே செல்லும்.’ கீழே கையெழுத்து, அதன்மேல் நிறுவன முத்திரை.

“இப்போ எந்த கோர்ட்டுக்கு வேணும்னாலும் போங்க” என்று காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

தலைவர் குனிந்து அவள் காதோரம் முணுமுணுத்தார். “வேண்டாம்மா. இருந்த ஒரு ஓட்டையையும் அவர் அடைச்சிட்டார். இதுல கையெழுத்துப் போட்டா ஏழாம் பிரிவு போச்சு. நான் ஊர்ல எந்த முகத்தோட நடக்கிறது?”

“இருக்கிற முகத்தோடயே நடங்க அத்தான். கொஞ்சம் பொறுங்க.”

அவள் அந்த இரண்டு வரியையும் ஆள்காட்டி விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் தலைவரிடம் நீட்டினாள். அவர் அவளை ஒரு முறை பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. சாவுத் தந்தியைக் கையெழுத்திட்டு வாங்குகிறவர்போல அவரும் போட்டு முடித்தார்.

பிரதிநிதி நாற்காலியில் சாய்ந்தார். “நல்லது. ஏழாம் பிரிவு தீர்ந்தது.”

“தீர்ந்தது சார். வரி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஏறுது, அதை நாம சேர்ந்தே சுமப்போம்” என்றாள். “ஆனா கோகோ விலை வருஷா வருஷம் ஏறுது. பன்னிரண்டாம் பிரிவை எடுங்க.”

அவர் பக்கங்களைப் புரட்டினார். ‘உலகச் சந்தையில் விலை உயர்ந்தால், கூடுதல் ஆதாயத்தை நாங்கள் பெறுவோம்’ என்று அச்சிட்டிருந்தது. அவள் மூலப் பிரதியில் அதே வரியைக் கண்டுபிடித்து, தமிழில் ‘நாங்கள்’ ஆகியிருந்த அந்த ஒரே சொல்லின் மேல் விரலை வைத்தாள்.