புதன்கிழமைத் தனியாள்

"நாப்பத்தோரு புதன்கிழமை! ஒரே வீடு, ஒரே ஆளு! அந்த மனுஷன் இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவையாவது சபைப் படி ஏறியிருக்காரா சார்?"

புதிய போதகர் வருகைப் பதிவேட்டை மேசைமேல் போட்டார். பக்கத்தில், காலையில் கடித்து வைத்த ரொட்டித் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மாற்றலாகி வந்த இரண்டு மாதங்களுக்குள், 'தனிமையை வெல்ல ஏழு வழிகள்' என்று ஏழு ஞாயிறுகள் தொடர்ந்து பிரசங்கித்தவர் அவர். சபையார் மனமாரப் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எதிரே நின்ற இருவர்தாம் சபையின் 'தனிமை நிவாரணத் துணைக்குழு'. ஒருவர் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், மனைவியை இழந்தவர். மற்றவர் தையற்கடை அக்கா, திருமணம் செய்துகொள்ளாதவர். குழுவின் விதிமுறைகளில் உறுப்பினர்களின் தனிமை குறித்து எந்தப் பிரிவும் இல்லை.

"வரலதான் பாஸ்டர்," என்றார் செயலாளர். "ஆனா நாங்க போகலேன்னா அந்தப் பூட்டுக்காரர் ஒடிஞ்சு போயிடுவாரு. ஒத்தையாளு. பேச்சுத்துணைக்கு ஒரு பூனைகூடக் கிடையாது."

"இந்த ஊர்ல வேற ஒத்தையாளே இல்லையா?"

"இருக்காங்க. கதவைத்தான் திறக்க மாட்டேங்கிறாங்க," என்றார் அக்கா. "இவரு ஒருத்தர்தான் 'மறுபடி எப்ப வருவீங்க'ன்னு கேட்டாரு."

"இன்னைக்கு நானே வந்து பாக்கிறேன். பிரயோஜனம் இல்லேன்னா குழுவைக் கலைச்சிட வேண்டியதுதான்."

செயலாளரின் முகம் சுண்டிப்போயிற்று. 'அப்ப புதன்கிழமை நாங்க எங்க போறது?' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அக்கா அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

பூட்டுக்காரரின் முன்னறை குறுகலானது. சுவர் ஆணிகளில் சாவிக் கொத்துகள் தொங்கின. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. சன்னலோரம் துருப்பிடித்த பூட்டொன்றை மடியில் வைத்துக்கொண்டு, காண்பவர் மனம் கரையும்படி அவர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க. நீங்களும் வரலேன்னா எனக்குன்னு யாரு இருக்கா?"

உள்ளே போனவர் அரை நிமிடத்தில் நான்கு கோப்பைத் தேநீரோடு வெளிவந்தார். தனியாளுக்கு இத்தனை சுறுசுறுப்பு அபூர்வம்தான்.

போதகர் குடையை மூலையில் சாத்திவிட்டு, தாமே தயாரித்திருந்த கேள்வித்தாளைப் பிரித்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேரோட மனசு விட்டுப் பேசுறீங்க?"

"எனக்கு எல்லாம் பூட்டோடதான் பாஸ்டர். நீங்க?"

"நானா? ஞாயித்துக்கிழமைன்னா இருநூறு பேரோட பேசுறேன்."

"அது மைக்குல. நான் கேட்டது மனசு விட்டு."

போதகர் அடுத்த கேள்விக்குத் தாவினார். "ராத்திரி சாப்பாடு யாரோட?"

"சுவத்தோடதான். உங்களுக்கு?"

"ரொட்டி இருக்கு..." போதகர் சற்றுத் தயங்கினார். "வீட்ல ஒரு குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிட மனசு வரல. ஏதோ ஒரு சத்தமாவது இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

"ஐயோ பாஸ்டர்!" என்றார் அக்கா.

முக்கால் மணி நேரத்தில் ஏழு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. ஏழும் போதகருடைய விடைகள்.

பிறகு எல்லாரும் முழங்காலிட்டார்கள். "ஆண்டவரே, ஆதரவற்ற இந்தச் சகோதரனுக்கு நீரே துணையாயிரும்..." என்று தொடங்கிய செயலாளரின் குரல் பாதியில் உடைந்தது, அக்கா முடித்துவைத்தார். "ஆமென்" என்றார்கள். சுவருக்கு அப்பாலிருந்தும் கீச்சென்று ஓர் "ஆமென்" வந்தது.

போதகர் தலை நிமிர்ந்தார்.

"பழைய வீடு பாஸ்டர்," என்றார் பூட்டுக்காரர். "எதிரொலிக்கும்."

தெருவில் இறங்கியதும் போதகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "குழு இருக்கட்டும். பாவம், மனுஷன் ரொம்பத் தனியாத்தான் இருக்காரு. அடுத்த வாரமும் நான் வரேன்... மேற்பார்வைக்கு."

செயலாளரும் அக்காவும் ஏதோ சொல்லிச் சிரித்தபடி முன்னே நடந்தார்கள். மழை தூறியபோதுதான் போதகருக்குக் குடையின் நினைவு வந்தது. திரும்பி வந்து, கதவைத் தட்டக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றார். உள்ளே கல்யாண வீட்டு இரைச்சல்!

"தாத்தா, என் ஆமென் நல்லா இருந்துச்சா?"

"மாட்டி விட்டிருப்பே, வாலு!" இது பூட்டுக்காரரின் குரல்.

"ஏழு பேரு ஒரு மணி நேரமா சமையக்கட்டுல மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கிறோம்ப்பா," என்றது ஓர் இளைஞனின் குரல். "உண்மையச் சொல்லித் தொலைங்களேன்."

"எப்படிடா சொல்றது? நீங்கல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்னைக்கு, நான் ஒத்தையா உக்காந்திருந்ததைப் பாத்துட்டு வந்தாங்க. முன்னப் பின்னத் தெரியாதவனுக்காக முழங்கால் போட்டு அழுதாங்க. எழுந்தப்ப அந்த ரெண்டு முகத்துலயும் ஒரு வெளிச்சம்டா! நான் தனியாள் இல்லேன்னா அவங்க எங்க போவாங்க?"

"அந்த ரெண்டு பேரும் பரவாயில்லங்க, தேறிட்டு வராங்க," என்றார் அவர் மனைவி. "இன்னைக்குப் புதுசா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்களே, அவருக்குத்தான் ரொம்ப முத்திப்போச்சு. வாரம் ஒரு நாள் பத்தாது. வெள்ளிக்கிழமையும் வரச் சொல்லுங்க. நாங்க ஒளிஞ்சுக்கிறோம்."

போதகர் ஓங்கிய கையை இறக்கிக்கொண்டார். நனைந்தபடியே வீடு வந்து, நாட்குறிப்பைத் திறந்து, வெள்ளிக்கிழமைக்கு நேரே ஒரே ஒரு சொல் எழுதினார்: 'குடை'.