முளைக்காத பல்

ஸ்ரீபெரும்புதூர் பல் ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவு வழியாக மாலை வெயில் உள்ளே சாய்ந்து கிடக்கிறது. வெளியே கம்பெனி பஸ்களின் ஹாரன் ஓயவில்லை. சொத்தைப்பல்லைக் காட்ட வந்த செல்வலட்சுமி நாற்காலியில் மல்லாந்திருக்கிறாள். அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே கம்பெனியில் வேலை பார்த்து ஒரே அறையில் தங்கியிருக்கும் அன்னக்கிளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம் ஞானப்பல் பிடுங்க வேண்டுமென்று செல்வலட்சுமி அழுதபோது, தங்கச்சி வளைகாப்புக்குக்கூட ஊருக்குப் போகாமல் அவளுடைய ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவள் அன்னக்கிளிதான். டாக்டர் பிரவீனா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். "போன மாசம் ஞானப்பல் பிடுங்கின எடம் ஆறிருச்சா டாக்டர்?" என்று அன்னக்கிளி கேட்கிறாள். "ஞானப்பல்லா? பிடுங்கின தடமே இல்லையேம்மா. உனக்கு அந்தப் பல்லோட கருவே தாடையில உருவாகல. சிலருக்குப் பரம்பரையா அப்படித்தான். அறிவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்று சிரிக்கிறார். செல்வலட்சுமி கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். "அப்ப அன்னைக்கு எங்கட்டி போன?" என்று அன்னக்கிளி கேட்கிறாள். செல்வலட்சுமி கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள்: "ஒரகடத்துல இன்டர்வியூ. பெர்மனன்ட் வேலை. ஒரு இடந்தான் இருந்துச்சு. சொன்னா நீயும் வந்துருவேன்னு..." அன்னக்கிளி கைப்பையை அவள் வயிற்றின்மேல் வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். கதவைத் தள்ளியபடி, திரும்பாமலே சொல்கிறாள்: "சொல்லியிருந்தாலும் ஒன் ஷிப்ட நான்தாம்ட்டி பாத்திருப்பேன்."