மினாவின் கடைசி வாக்கியம்

படகுத்துறைக்குப் போகும் கடைசிக் கதவையும் ஆர்த்தி திறந்துவிட்டாள்.

கைப்பேசித் திரையில், புள்ளி புள்ளியாக வரைந்த மினா கரையில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே கப்பலில் அவளுடைய மாலுமி.

முப்பது வருடத்துக்கு முந்தைய ஜப்பான் வீடியோ கேம். நாலு வருட வேலைக்குப் பிறகு இன்று காலைதான் முழுசாகத் தமிழில் வந்து சேர்ந்திருந்தது. அனுப்பியவன் ரஞ்சித்குமார். "பாத்துட்டுச் சொல்லு" என்று ஒரு வரி மட்டும் போட்டிருந்தான். வழக்கமான கிண்டல் எதுவும் இல்லை.

"கையக் காட்டுடி" என்றாள் அம்சவள்ளி அத்தை. மடி நிறைய வளையல். "ஊர்ல கல்யாணப் பொண்ணு கையில மருதாணி இருக்கும். இவ கையில எந்நேரமும் போனு."

"இதோ முடிஞ்சிடும் அத்தை."

இடது கையை நீட்டினாள். புதன்கிழமை ஜெயங்கொண்டத்தில் கல்யாணம். சொந்த ஊரான எறையூரில் பத்திரிகை வைக்காத வீடு இல்லை. பெரம்பலூரில் செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருக்கும் ரஞ்சித்குமாரிடம் மட்டும் அவள் இன்னும் வாய் திறக்கவில்லை.

அப்பாவிடம் அவன் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். பெயரைச் சொன்னால் ஊரைக் கேட்பார். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

ஜப்பான் கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வரும் என்று சொல்லி, கல்லூரியில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தார்கள். கம்பெனி வரவில்லை. மொழி மட்டும் ஆர்த்தியிடம் தங்கிவிட்டது. அதே வகுப்பில் சேர்ந்து, "பூச்சி ஊர்ற மாதிரி இருக்குடி, எது தலை எது வாலுன்னே தெரியல" என்று மூன்றாம் நாளே எழுந்து ஓடியவன் ரஞ்சித்குமார்.

கேமின் வயிற்றைத் திறந்து வாக்கியங்களை வெளியே எடுப்பதும், தமிழ் எழுத்துகளைப் புள்ளி வைத்து வரைந்து உள்ளே பொருத்துவதும் அவன் வேலை. அந்த வாக்கியங்களைத் தமிழில் எழுதித் தருவது அவள் வேலை. ஒரு வரிக்குப் பதினாறு கட்டம். மிஞ்சினால் உடனே போன் வரும்.

"ரெண்டு எழுத்தக் கொறை, மகராசி."

எல்லாவற்றுக்கும் முன்னால் அவன் வரைந்தது, கேம் முடிந்ததும் வரும் பெயர்களைத்தான். தமிழில்: ஆர்த்தி. அதன் கீழே, ரஞ்சித்குமார். பத்திரிகை மாதிரியே இருக்குல்ல என்று கேட்டுவிட்டு, அவனே வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றினான்.

ஆவணியில் அவளுக்கு நிச்சயம் ஆனது. அதற்குப் பிறகு மினா பேசியதை ஆர்த்தியால் உள்ளபடி எழுத முடியவில்லை. "என்னால் வர முடியாது" என்று மினா சொன்னால், "வரப் பார்க்கிறேன்" என்று எழுதினாள். இப்படி ஆறு இடம். மொழி தெரியாதவனிடம் பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

கடைசி வாக்கியத்திலும் அதையே செய்தாள். மினா சொல்வது, "எனக்காகக் காத்திருக்க வேண்டாம்." ஆர்த்தி எழுதி அனுப்பியது, "காத்திரு. அடுத்த கப்பலில் வருவேன்."

இன்னும் சில நாள் அவன் நிம்மதியாக இருக்கட்டும் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். உண்மையில், எங்கோ ஒருவன் காத்திருக்கிறான் என்ற நினைப்பு அவளுக்குத்தான் வேண்டியிருந்தது.

பொத்தானை அழுத்தினாள். மினா பேசினாள்.

எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆர்த்தி இரண்டு தடவை படித்தாள். அவள் எழுதியது அங்கே இல்லை. மினா சொன்னதுதான் இருந்தது.

யாரிடமாவது காட்டிக் கேட்டிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

பிறகு ஒரு கிழவி ஞாபகத்துக்கு வந்தாள். கேமின் முதல் ஊரில், மூன்று நாளில் மழை வரும் என்று சொல்லும் கிழவி. அவசரத்தில் ஆர்த்தி அதை மூன்று மாதம் என்று எழுதியிருந்தாள். நிச்சயத்துக்கு முந்தைய தை மாதம் விளையாடிப் பார்த்தபோது மூன்று நாள் என்று சரியாக இருந்தது. நாமே திருத்தியிருப்போம் என்று விட்டுவிட்டாள்.

அவள் திருத்தவே இல்லை.

அப்படியென்றால் தை மாதத்திலேயே அவனுக்குப் படிக்கத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டு, ஏதோ ஒரு நல்ல நாளில் சொல்லலாம் என்று வைத்திருந்திருக்கிறான்.

ஆவணிக்குப் பிறகு வந்த ஆறு பொய்யையும் அவன் பார்த்திருக்கிறான். ஆறையும் அவள் எழுதியபடியே, ஒரு புள்ளி மாறாமல், உள்ளே வைத்திருக்கிறான். இந்த ஒன்றை மட்டும் அவனால் அப்படி வைக்க முடியவில்லை.

வாக்கியத்தின் ஓரத்தில் சின்ன முக்கோணம் ஒன்று விட்டு விட்டு மின்னியது. இன்னொரு தடவை பொத்தானை அழுத்தும்வரை கப்பல் கிளம்பாது.

ஆர்த்தி அழுத்தவில்லை.

"அந்தக் கையக் குடுன்னா குடுக்க மாட்டியா?" அத்தை போனைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது அவள் கட்டைவிரல் திரையில் பட்டது.

கப்பல் கிளம்பிவிட்டது.

"அட, உம் பேரு வருதுடி." அத்தை போனைத் தூர வைத்து, கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டினாள். "தமிழில்... ஆர்த்தி. கூட யாரு பேரையும் காணோம்? இவ்வளவையும் நீ ஒருத்தியாவா செஞ்ச?"

ஆர்த்தி எட்டிப் பார்த்தாள். அவள் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. பதினாறு கட்டமும் வெறும் கறுப்பு.

"ஆமா அத்தை. நான் மட்டுந்தான்."

அத்தை அவளுடைய வலது கையைப் பிடித்து வளையலை ஏற்றினாள். அளவு சரியாக இருந்தது.