அறுபடாத லைன்

ஞாயிறு மாலை நாலேகால். மணிலாவின் மழை தகரக் கூரையில் கொட்டுகிறது. மோடத்தின் சிவப்பு விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருக்கின்றன. யாராவது கூப்பிடும்போது ஃபோன் லைனில் விழும் ‘டிக்’ ஓசைதான் இணைய இணைப்பை அறுக்கிறது என்று கண்டுபிடித்து, வேறு அழைப்பே உள்ளே வராதபடி, டயல் செய்யும் எண்ணுக்கு முன்னால் மூன்று இலக்கங்களைச் சேர்த்துவிட்டேன். இரண்டு வாரமாக ஒரு தடவைகூட அறுபடவில்லை. இறங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கோப்பு தொண்ணூறு சதவீதத்தைத் தொடுகிறது. அக்கா சோனா, சர்க்கரைப் பாகில் பொரித்த வாழைப்பழத்தை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைக்கிறாள். “டேய் நீலோ, அம்மா இன்னைக்கும் கூப்பிடலடா. போன ஞாயித்துக்கெழமையும் கூப்பிடல. ஊர்ல முனிசிபல் ஆபீஸ் ஃபோனுக்கு அவ்வளவு நேரம் வரிசையில நின்னாவது பேசிடுவாங்களே. உடம்புக்கு ஏதாச்சும் ஆயிருக்குமோ?” பாகு விரலில் பிசுபிசுக்கிறது. இணைப்பு அறுந்த நேரங்களின் பதிவைத் திரையில் மேலே நகர்த்துகிறேன். ஆகஸ்ட் முழுக்க ஞாயிறுகள்தான். நாலு பத்து. நாலு பதினாலு. நாலு பதினொன்று. இணைப்பு அறுந்ததுமே ஃபோன் அடிக்கும், அக்கா ஓடிப்போய் எடுப்பாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கிமாரஸ் தீவில் அம்மா இப்போது ரிசீவரைக் காதில் வைத்து, எங்கேஜ் ஓசையைக் கேட்டுவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டிருப்பாள். “என்னடா, வாயத் தொறந்து ஏதாவது சொல்லேன்” என்கிறாள் சோனா. “லைன்ல ஏதோ கோளாறா இருக்கும்க்கா” என்கிறேன். தொண்ணூற்றொன்று ஆகிறது. நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை.