சாமந்தி வேண்டாம்

"கல்யாணத்துக்குத் துணிப்பூ, பிளாஸ்டிக் பூ எதுவும் ஆகாது. இந்த சீசன்ல பூக்கிறதுதான் வேணும்" என்றாள் வந்தவள்.

பூக்கடைக்காரி வெள்ளைச் சாமந்தியை அள்ளிக் காட்டினாள். "இப்போ இதுதான்மா அமோகம்."

"நாங்க தேடி வந்ததும் இதுதான். அதையே போட்டுடுங்க."

கூட வந்த அப்பாவின் முகம் வாடியது. "சாமந்தி வேண்டாம்மா. அது உங்கம்மா ஆசை ஆசையா வளர்த்த பூ."

தாயில்லாப் பெண்ணைக் கரையேற்றும் தகப்பன் மனசு என்று கடைக்காரி நினைத்துக்கொண்டாள். ஒரு பூவைக் கிள்ளி அந்தப் பெண்ணின் கூந்தலில் வைத்துப் பார்த்தாள்.

"கல்யாணப் பொண்ணுக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு!"

அவள் சிரித்துக்கொண்டே அந்தப் பூவை எடுத்து அப்பாவின் சட்டைப்பையில் செருகினாள்.

"நான் பொண்ணு இல்லக்கா. இவர்தான் மாப்பிள்ளை."

பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "சாமந்தி கேட்டது நானில்லப்பா, நீங்க கட்டிக்கப்போறவங்க. அம்மாவும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும்னு சொன்னாங்க."