இறக்கத்தில் ஒரு தேர்

லண்டன் சைவத்தின் எதிர்காலமே இந்த நிமிடம் ஆர்ச்வே இறக்கத்தில்தான் தங்கியிருக்கிறது என்கிறார் சாரதிக்குப் பக்கத்து சீற்றில் இருக்கும் கோயில் தலைவர் தியாகராஜா. உண்மையில் இறக்கத்தில் இருப்பது ஒரு லொறி, அது இழுக்கும் ட்ரெய்லர், அதன்மேல் நாளைய திருவிழாவுக்காகக் கட்டி ஏற்றிய ஐந்து தொன் தேர். மழை தூறுகிறது. முன்னால் போகும் சைக்கிளின் சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் நடுங்குகிறது. சுவிஸ் மலைகளில் லொறி ஓட்டிப் பழகிய துஷாந்தன் எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போடுகிறான். புகை போகும் வழி அடைபட்டு, வேகம் தளர, இன்ஜின் தொண்டைக்குள் உறுமுகிறது. நாலாம் கியர், பிறகு மெல்ல மூன்றாம் கியர். தேரின் மணிகள் ஒருதரம் சிணுங்கி அடங்குகின்றன.

“கால் பிரேக்கை அமத்து தம்பி, தேர் வருகுது!”

“சடாரெண்டு அமத்தினால்தான் அண்ணை வரும். வந்தால் எங்கட மடியிலதான் இருக்கும். பேசாமல் இருங்கோ.”

“நான் பயப்படேல்லை. சபைக்கு நான் பதில் சொல்லவேணும்.”

“ஓம், தெரியுது.”

இரண்டாம் கியர். பின்னால் ஒரு பஸ் பொறுமையில்லாமல் ஹோர்ன் அடிக்கிறது. இறக்கத்தின் அடியில், சிவப்பு விளக்கில், தேர் ஓர் அங்குலமும் நகராமல் லொறி நிற்கிறது.

“நான் சொன்னபடி செய்தாய், பார்,” என்று தலைவர் சால்வையைச் சரிசெய்கிறார். இல்லாத பிரேக்கை வழிமுழுக்க மிதித்த அவருடைய சப்பாத்துக்குக் கீழே, பூசைக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்பு நசுங்கிக் கிடக்கிறது.